மார்த்திரோஸ் சாரியன் (1880–1972)

மார்த்திரோஸ் சாரியன், ஆர்மீனிய ஓவியர். தென் ரஷ்யாவில் தோன் ஆற்றை ஒட்டிய நோர் நகிச்செவனில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். கிரிமியாவிலிருந்து குடியேற்றப்பட்ட ஆர்மீனியர் 1779-இல் அமைத்த அவ்வூர் இன்று ரஸ்தோவ் நகரின் பகுதி. புல்வெளிப் பண்ணையில் வளர்ந்த சாரியன் 1897 முதல் மாஸ்கோ ஓவியம், சிற்பம், கட்டடக்கலைப் பள்ளியில் பயின்றார். சேரொவ், கரோவின் ஆகியோர் அவருடைய ஆசிரியர்கள். முன்னோர் நாடான ஆர்மீனியாவை அவர் முதன்முதலில் கண்டது 1901-இல்தான்.

1904 முதல் 1908 வரை ‘கதைகளும் கனவுகளும்’ என்னும் வரிசையை, பெரும்பாலும் நீர்வண்ணத்தில் தீட்டினார். 1907-இல் மாஸ்கோவில் நடந்த ‘நீல ரோஜா’ கண்காட்சியிலும் பங்கேற்றார். மங்கிய கனவு நிறங்கள் அடுத்த சில ஆண்டுகளில் மறைந்தன. பளபளப்பின்றி உலரும் டெம்பெரா வண்ணத்தை அட்டைமீது அகன்ற தூரிகையால் இழுத்து வரையத் தொடங்கினார்.

1910-இல் கான்ஸ்டான்டிநோபிள், 1911-இல் எகிப்து, 1913-இல் பாரசீகம் என மூன்று பயணங்கள் மேற்கொண்டார். சாரியனின் மிகச் சிறந்த படைப்புகளில் பல இக்காலத்தவை. ‘தெரு. நண்பகல். கான்ஸ்டான்டிநோபிள்’ (1910) ஓவியத்தில் ஒடுங்கிய சந்தின் ஒரு பக்கம் ஆரஞ்சாய் எரிகிறது. மறுபக்கம் அடர்நீல நிழல். மேலே வானம் ஒரு கீற்று. ஒளிக்கும் நிழலுக்கும் நடுவே இடைநிறமே இல்லை. உச்சிவெயிலில் கண் கூசி நிற்பவர் காணும் தெரு இதுதான். அந்நகரின் தெருநாய்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அவற்றுக்கென்றே ஓர் ஓவியம் தீட்டினார். ‘பேரீச்சை மரம்’ (1911) ஓவியத்தில் தாழ்ந்த வீடுகளுக்கு மேல் மரம் விரிந்து நிற்க, ஒட்டகத்தின் தலை முன்னே நீள்கிறது. எகிப்திய முகமூடிகள் அவருடைய பிற்கால அசையாப்பொருள் ஓவியங்களிலும் இடம்பெற்றன.

இந்த நிறத்துணிவு எங்கிருந்து வந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மாஸ்கோவில் கலைச் சேகரிப்பாளர் ஷுகின் திரட்டியிருந்த மத்தீஸ், கோகேன் ஓவியங்களின் தாக்கம் என்பர் சிலர். கிழக்குநாட்டு வெயிலும் ஆர்மீனியச் சுவடி ஓவிய மரபுமே காரணம் என்பர் வேறு சிலர். இரண்டுக்கும் இடமிருப்பதாகவே தோன்றுகிறது.

1915-இல் ஒட்டோமான் பேரரசில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலைக்குத் தப்பிவந்த அகதிகளுக்கு உதவ எச்மியாத்சின் சென்றார். அங்குக் கண்ட கொடுமைகள் அவரை நோயில் வீழ்த்தின. மறு ஆண்டு, எழுத்தாளர் கசாரோஸ் அகாயனின் மகள் லுசிக்கை மணந்தார். 1921-இல் யெரெவானில் குடியேறினார். அராரத் மலை இடம்பெற்ற சோவியத் ஆர்மீனியச் சின்னத்தை ஹகோப் கோஜோயனுடன் சேர்ந்து வடிவமைத்ததும், அரசு நாடக அரங்கின் திரையைத் தீட்டியதும் இக்காலத்தில்தான்.

1926 முதல் 1928 வரை பாரிஸில் இருந்தார். 1928 தொடக்கத்தில் அங்குக் காட்சிக்கு வைத்த ஓவியங்களில் பெரும்பாலானவை நாடு திரும்பும் வழியில் கப்பல் தீயில் அழிந்தன. 1937-இல், ஸ்டாலின் கால ஒடுக்குமுறையின்போது, ‘மக்கள் பகைவர்’ எனப்பட்டோரை அவர் தீட்டிய உருவப்படங்கள் எரிக்கப்பட்டன. பன்னிரண்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை.

‘அல்மாஸ்த்’ இசைநாடகத்துக்கான அரங்க வடிவமைப்பு 1941-இல் ஸ்டாலின் பரிசையும், ‘என் தாயகம்’ நிலக்காட்சி வரிசை 1961-இல் லெனின் பரிசையும் பெற்றன. 1946-இல் கவிஞர் அக்மாதவாவின் உருவப்படத்தைத் தீட்டினார். யெரெவானில் அவர் வாழ்ந்தபோதே, 1967-இல் இல்ல அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1972 மே 5 அன்று அந்நகரில் காலமானார். 1999-இல் வெளியான 20,000 திராம் பணத்தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது.