முப்பத்தாறு முனைச் செருகி: வீட்டுக் கணிப்பொறியும் அச்சுப்பொறியும் பேசிக்கொண்ட கதை

பால்காரரிடம் ஒரு மொழி, அலுவலகத்தில் மற்றொரு மொழி, வாசற்படி தாண்டி உள்ளே வந்தபின் தமிழ் என்று வாழப் பழகியவர்கள் நாம். இருவர் அருகருகே நின்றால் மட்டும் போதாது, இருவருக்கும் பொதுவானதொரு மொழி இருந்தால்தான் பேச்சு நடக்கும் என்பதைப் பிறமொழி வழங்கும் ஊர்களில் குடிபுகுந்த நமக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை. மனிதர் செய்த பொறிகளும் இத்தொல்லையிலிருந்து தப்பவில்லை. வீட்டுக் கணிப்பொறிகள் தோன்றிய காலத்தில், அவற்றோடு ஓர் அச்சுப்பொறியைச் சேர்த்து வைப்பதற்குப் பட்ட பாடு ஒரு தனி வரலாறு. அதனையே ஈண்டு ஒருவாறு காண்போம்.

1977 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் மேலைநாடுகளில் விற்பனையான வீட்டுக் கணிப்பொறிகளிற் பெரும்பாலானவை விசைப்பலகை பொருத்திய ஒரு சிறு பெட்டியே. வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டிதான் அதற்குத் திரை. மின்சாரத்தை நிறுத்தினால் அதுவரை உழைத்து எழுதியதெல்லாம் மறைந்துவிடும். எழுதியதைக் காக்க ஒலிநாடாவோ வட்டோ வேண்டும். பிறர் கையிற் கொடுக்கத் தாள் வேண்டும். ஆகவே துணைக்கருவிகள் இன்றியமையாதன ஆயின. ஆனால் ஒரு நிறுவனத்தின் கம்பி மற்றொரு நிறுவனத்தின் பெட்டியிற் பொருந்தாது. பொருந்தினாலும் பேசாது.

இக்குழப்பத்தினூடே பொதுமொழியாக நிலைத்தது ஒன்று உண்டு. அது பிறந்த கதை வேடிக்கையானது. ஷாங்காயில் பிறந்து 1945இல் அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் பட்டம் பெற்று, 1951இல் தம் பெயரால் ஒரு தொழிலகம் தொடங்கியவர் ஆன் வாங். அத்தொழிலகத்தின் கிளையாக எழுந்ததே சென்ட்ரானிக்ஸ் என்னும் அச்சுப்பொறி நிறுவனம். 1970இல் அது 101 என்னும் எண் கொண்ட அச்சுப்பொறியை வெளியிட்டது. மேலும் கீழுமாக நிறுத்திய ஏழு ஊசிகள் மை நாடாவின் மீது தட்டித் தட்டிப் புள்ளிகளால் எழுத்தை உருவாக்கும் பொறி அது. அதனைக் கணிப்பொறியோடு இணைக்க ஒரு செருகி தேவைப்பட்டது. வாங் நிறுவனத்தார் முன்னர்த் தாம் செய்த கணக்குப் பொறி ஒன்றுக்காக வாங்கிய முப்பத்தாறு முனைச் செருகிகள் 20,000 அளவில் மிகுந்து கிடந்தன. தேவைப்பட்ட முனைகளோ 21 மட்டுமே. இருப்பினும், கிடங்கிற் கிடப்பதை வீணாக்குவானேன் என்று அதனையே பொருத்திவிட்டனர். மீந்த மாவில் அடை வார்த்த கதைதான். அந்த அடையை உலகமே பல்லாண்டு உண்டது என்பதுதான் வியப்பு.

அவ்விணைப்பின் முறை எளியது. ஓர் எழுத்துக்குரிய எட்டு மின்குறிகளும் எட்டுக் கம்பிகளில் ஒருங்கே செல்லும். அகன்ற வீதியில் எண்மர் கைகோத்து நடப்பது போல. "இதோ எழுத்து வந்துவிட்டது" என்று கணிப்பொறி ஒரு கம்பியில் தட்டிச் சொல்லும். "பொறு, கையில் வேலை இருக்கிறது" என்று அச்சுப்பொறி வேறொரு கம்பியில் தடுக்கும். வேலை முடிந்தால் மூன்றாவது கம்பியில் "பெற்றுக்கொண்டேன்" என்று விடை வரும். தாள் தீர்ந்ததைச் சொல்லவும் ஒரு கம்பி உண்டு. விரைந்து கணக்கிடும் பொறியும் மெல்ல அச்சிடும் பொறியும் ஒன்றையொன்று அவசரப்படுத்தாமல் இணங்கி வேலை செய்ய இவ்வளவே போதுமாயிருந்தது. இதற்கென அரிய பொருள் எதுவும் வேண்டா. மின்னணுத் தொழில் சிறிது பயின்றவர் எவரும் செய்துவிடலாம், செய்தும் விட்டனர். ஜப்பானின் எப்சன் நிறுவனம் 1980இல் வெளியிட்ட எம்.எக்ஸ். 80 அச்சுப்பொறியும் இவ்விணைப்பையே ஏற்றது. விநாடிக்கு 80 எழுத்து அடிக்கும் ஒன்பது ஊசிப் பொறியாகிய அது உலகெங்கும் பரவியது. 1981இல் ஐ.பி.எம். தன் கணிப்பொறியின் பக்கத்துச் செருகியை 25 முனைகளாகச் சுருக்கிக்கொண்டதேயன்றி, பேச்சு முறையை மாற்றவில்லை. பொறியியல் அவை ஒன்று கூடி இதற்கு முறையான இலக்கணம் வகுத்தது 1994இல்தான். வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது.

இனி, இப்பொதுவழியை விட்டுத் தனிவழி சென்றோரைக் காண்போம்.

இங்கிலாந்தின் கிளைவ் சிங்ளேர், மலிவு ஒன்றையே நோக்கமாகக் கொண்டவர். 1981இல் அவர் வெளியிட்ட இசட்.எக்ஸ். 81 கணிப்பொறியின் விலை 69 பவுன் 95 பென்ஸ். அதில் அச்சுப்பொறிக்கென்று செருகி கிடையாது. உள்ளிருக்கும் மின்பலகையின் விளிம்பே பெட்டியின் பின்புறம் எட்டிப் பார்க்கும். துணைக்கருவி எதுவாயினும் அதன் மீதுதான் செருக வேண்டும். அவர் விற்ற அச்சுப்பொறிக்கு 49 பவுன் 95 பென்ஸ். மையும் இல்லை, நாடாவும் இல்லை. நான்கங்குல அகலமுள்ள கறுப்புத் தாளின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கும். இரு கம்பி முனைகள் அதன்மீது ஓடி, மின்பொறியால் பூச்சை எரித்துக் கறுப்பை வெளிப்படுத்தும். ஒரு வரிக்கு 32 எழுத்து. வெள்ளித்தாளிற் கரியெழுத்தாக வந்த அதனை எவருக்கேனும் மடலாக அனுப்ப இயலுமோ என்பது ஐயமே. நிரல் எழுதிப் பழகியோர் தம் நிரலைப் பார்த்துத் திருத்திக்கொள்ள உதவியது. பெருந்தொல்லை வேறிடத்தில் இருந்தது. நினைவகத்தைப் பெருக்கும் 16 கே பெட்டியையும் அதே விளிம்பில்தான் தொங்கவிட வேண்டும். அச்சுப்பொறி இருந்தால் அதன் செருகிக்குப் பின்னால் இதனைச் செருக வேண்டும். விசைகளைச் சற்றே அழுத்தித் தட்டினால் பெட்டி அசையும். அசைந்தால் அத்தனையும் அழியும். பலர் களிமண் போன்ற ஒட்டுப்பசையும் ஒட்டுநாடாவும் வைத்து அதனை நிலைநிறுத்தினர். காசை மிச்சம் பிடித்தது நிறுவனம், கவலையைச் சுமந்தவர் வாங்கியவர் என்பது எமது கருத்து. எனினும், அவ்விலை இல்லையேல் எளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் கணிப்பொறியைத் தொட்டே இருக்க மாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கமடோர் நிறுவனத்தின் கதை இன்னும் நுட்பமானது. அதனை நிறுவிய ஜாக் டிராமியேல் போலந்து நாட்டில் பிறந்து, ஆஷ்விட்ஸ் சிறைமுகாமிலிருந்து உயிர் மீண்டு, 1947இல் அமெரிக்கா சேர்ந்தவர். தட்டச்சுப் பொறி பழுது பார்த்து வாழ்க்கையைத் தொடங்கியவர். (வாங், டிராமியேல் ஆகிய இருவருமே குடிபெயர்ந்து வந்தவர்கள் என்பது நம் போன்றோர் நினைவிற் கொள்ளத்தக்கது.) 1977இல் வந்த இவரது பெட் கணிப்பொறி, ஆய்வுக்கூடக் கருவிகளுக்கென வகுக்கப்பட்ட தரமான இணைப்பு ஒன்றைப் பயன்படுத்தியது. விரைவிற் குறையில்லை, ஆனால் கம்பியின் விலை மிகுதி, கிடைப்பதும் அரிது. ஒரு சமயம் அக்கம்பி சந்தையிலேயே கிட்டாமற் போக, இனி எவரும் செய்யக்கூடிய கம்பியாகப் பாருங்கள் என்று டிராமியேல் ஆணையிட்டதாக, அக்காலக் கணிப்பொறி எழுத்தாளர் ஜிம் பட்டர்ஃபீல்ட் எழுதியுள்ளார்.

அவ்வாறே அடுத்த கணிப்பொறியாகிய விக் 20இல் மலிவான ஆறு முனைச் செருகி வந்தது. வட்டுப்பெட்டியும் அச்சுப்பொறியும் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போற் கோக்கப்படும். அச்சுப்பொறிக்கு 4ஆம் எண், வட்டுக்கு 8ஆம் எண். பெயர் சொல்லி அழைத்தவரே விடை தருவார். எட்டுக் குறிகளும் வரப்பின்மேல் நடப்பார் போல ஒருவர்பின் ஒருவராகச் செல்லும். அவற்றை விரைந்து தள்ளிவிட ஒரு சில்லு இருந்தது. அச்சில்லில் ஒரு குறை இருப்பது காலங்கடந்து தெரியவந்தது. எனவே ஒவ்வொரு குறியையும் நிரலே எண்ணியெண்ணி அனுப்பும்படி ஆயிற்று. 1982இல் வந்த கமடோர் 64இல் குறையற்ற புதிய சில்லு இருந்தும், முன்னர் விற்ற கருவிகளோடு இணக்கம் கெடலாகாது என்று பழைய நடையையே வைத்துக்கொண்டனர். விளைவு, விநாடிக்கு ஏறக்குறைய 400 பைட். 30,000 பைட் கொண்ட ஒரு விளையாட்டு ஏறுவதற்கு ஒன்றேகால் நிமிடம்! இத்தனைக்கும் அந்த வட்டுப்பெட்டிக்குள் தனியொரு கணிச்சில்லே இருந்தது. இரண்டு அறிவாளிகள் குறுக்கே நின்ற ஊமையொருவரின் கைச்சாடையால் உரையாடியது போன்ற நிலை. பிறர் எழுதிய விரைவு நிரல்கள்தாம் பின்னர் இதற்கு ஓரளவு மருந்தாயின.

அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 1979இல் 13 முனைச் சங்கிலி இணைப்பொன்றைச் செய்தது. அதில் உழைத்த ஜோ டெகியூர் பின்னாளில் இன்றைய யு.எஸ்.பி. இணைப்பை வகுத்தோருள் ஒருவர் ஆனார் என்பது மட்டும் இங்கே போதும். ஆப்பிள் 2 கணிப்பொறியில் அச்சுப்பொறிக்கொன்று தொலைபேசிக்கொன்று என இரு செருகிடங்கள் போதும் என்றாராம் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டு வேண்டும் என்று பிடிவாதம் செய்தவர் வாஸ்னியாக். எட்டே வென்றது. அப்பெட்டி நீடு வாழ்ந்ததற்கு அது ஒரு காரணம்.

நம் நாட்டுப் பள்ளிகளுக்கு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின் வழியே வந்தது, இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ. அதன் அடிப்புறத்தில் வரிசையாகச் செருகிகள் இருக்கும். அவற்றுள் அச்சுப்பொறிக்குரியது நாம் முற்கூறிய பொதுமொழி பேசியது. ஆயினும் பொதுமொழியிலும் வட்டார வழக்கு உண்டன்றோ? வரி முடிந்ததும் அச்சுத்தலை இடப்புறம் திரும்ப ஒரு குறி, தாள் மேலேற மற்றொரு குறி. பழைய தந்தித் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்த வழக்கம் இது. பி.பி.சி. மைக்ரோ இரண்டாவது குறியைத் தானாக அச்சுப்பொறிக்கு விடாது. அச்சுப்பொறியும் தானாகத் தாளை ஏற்றாவிடில், வரிமேல் வரி விழுந்து தாளில் கறுப்புப் பட்டையொன்றே மிஞ்சும். இருவரும் ஏற்றினாலோ ஒவ்வொரு வரிக்கும் இடையே ஒரு வெற்று வரி. எஃப்.எக்ஸ். 6 என்னும் கட்டளையாலோ, அச்சுப்பொறிக்குள் இருக்கும் சிறு விசையாலோ இதனைச் சரிசெய்யலாம். அவ்விசை இருக்குமிடம் அறிந்தவரே அந்நாளில் பண்டிதர்.

இவையெல்லாம் ஆங்கில எழுத்துக்கு. தமிழுக்கு? அச்சுப்பொறியின் உள்ளே தமிழ் எழுத்து இல்லை. ஊசிகளுக்கு நேரடியாக ஆணையிட்டு, புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். எம்.எக்ஸ். 80 வகையில், படம் வரையும் வசதி சேர்த்த பொறிக்கு, எட்டங்குல வரியில் 480 புள்ளிப் பத்திகள்; ஒரு நடைக்கு எட்டு ஊசி உயரம். மேலே புள்ளியும் விலங்கும், கீழே உகரச் சுழியும் கொண்ட நம் எழுத்து எட்டுப் புள்ளி உயரத்தில் தெளிவாக அடங்காது. ஆகவே ஒரு வரிக்கு அச்சுத்தலை இரு நடை செல்ல வேண்டும். இரண்டுக்கும் இடையே தாள் அங்குலத்தில் 72இல் 8 பங்கு மட்டும் ஏற வேண்டும். ஓர் எழுத்துருவுக்குப் பன்னிரண்டு பத்தி என்று வைத்தால் வரிக்கு 40 உருக்கள். 'கொண்டிருக்கின்றோம்' என்னும் சொல்லுக்கே கொம்பும் காலும் உட்பட 13 உருக்கள். அத்தகைய மூன்று சொற்கள் இடைவெளியோடு ஒரு வரியில் அடங்கா. ஆங்கில வரியொன்றுக்கு 80 பைட் அனுப்பினால், தமிழ் வரிக்கு 960 அனுப்ப வேண்டும். பன்னிரு மடங்கு! முப்பது வரி கொண்ட ஒரு பக்கத்தைப் புள்ளியாகத் தீட்டி வைத்தால் 28,800 பைட். பி.பி.சி. மைக்ரோவின் நினைவகம் முழுவதுமே 32 கேதான். 1978இல் தமிழக அரசு 13 எழுத்துகளின் பழைய வடிவை மாற்றியதால் வரைய வேண்டிய உருக்கள் குறைந்தன. எனினும் சுமை சுமையே.

ஆகவே பலர் ஆங்கில எழுத்திலேயே தமிழை அடித்தனர். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் பேரன் முதன்முதலாக அச்சுப்பொறியில் அடித்த மடல் 'அன்புள்ள பாட்டிக்கு' என்று தொடங்கியது, ஆனால் ஆங்கில எழுத்தில். தமிழ் நாளேட்டை வரி விடாமற் படிக்கும் அப்பாட்டியார், அண்டை வீட்டுக் கல்லூரி மாணவர் வரும்வரை அதனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம்.

கமடோர் 1994இல் மூடப்பட்டது. சென்ட்ரானிக்ஸ் செருகியும் மடிக்கணிப்பொறிகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் அக்கால வட்டுகள் இன்னும் பலர் வீட்டுப் பெட்டிகளில் உள்ளன. அவற்றிலுள்ள கடிதமும் கணக்கும் வெளிவர, பழைய கம்பியின் பேச்சை அறிந்த ஒருவர் வேண்டும். ஆர்வலர் பலர் இன்று அதனைச் செய்து வருகின்றனர். கமடோரின் ஆறு முனைச் செருகியில் நினைவட்டையைப் பொருத்தி, தான் வட்டுப்பெட்டியே என்று நம்பவைக்கும் கருவிகள் உண்டு. அட்டாரிக்கென அமைந்த ஃபூஜிநெட் என்னும் சிறுகருவி பழைய அச்சுப்பொறியாகவே நடிக்கும். நாற்பதாண்டுக்கு முந்தைய கணிப்பொறி, தாள் ஏறுகிறது, மை பதிகிறது என்று எண்ணிக்கொண்டு வரிவரியாக அனுப்பும். மறுபுறம் தாளுக்குப் பதில் பி.டி.எஃப். ஏடு ஒன்று வந்து நிற்கும்.