வீடமைப்பு நிதியும் கொழும்பின் ஏழை மக்களும்

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளும், நடைபாதை வியாபாரிகளும், கடைச் சிப்பந்திகளும் பெரும்பாலும் கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, வாழைத்தோட்டம், மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம் ஆகிய பகுதிகளிலேயே வசிக்கின்றனர். தமிழ், முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் பகுதிகள் இவை. 2001ஆம் ஆண்டில் கொழும்பு மாநகரில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வொன்றின்படி, அடிப்படை வசதிகள் குறைந்த 1,614 குடியிருப்புகளில் 77,612 குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. இம்மக்களுக்கு வீடு வழங்குவதாகக் கூறாத அரசாங்கம் எதுவும் இந்நாட்டில் இருந்ததில்லை. ஆனால் அவ்வீட்டுக்கான பணம் எங்கிருந்து வருகின்றது என்ற வினாவே, வீடு யாருக்குக் கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்பதைத் தீர்மானித்து வந்துள்ளது.

2023 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத்திட்டம் இவ்விடயத்தில் முக்கியமானதொரு மாற்றத்தை அறிவித்தது. நகர்ப்புற அரச தொடர்மாடிகளில் வாடகை செலுத்தி வாழும் குறைந்த வருமானம் பெறும் 50,000 குடும்பங்களிடம் வாடகை அறவிடுவதை நிறுத்தி, அவர்களுக்கு வீட்டின் முழு உரிமையையும் வழங்குவது என்பதே அதுவாகும். உரிமை கிடைப்பது வரவேற்கத்தக்கதே. எனினும், வாடகை நின்ற பின்னர் கட்டடங்களைப் பராமரிப்பதற்கும் அடுத்த வீட்டைக் கட்டுவதற்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற வினாவுக்கும் விடை தேவைப்படுகின்றது. அதற்குக் கடந்தகால அனுபவங்களைத் திரும்பிப் பார்ப்பது பயனுடையதாகும்.

1954ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டம் தேசிய வீடமைப்பு நிதியத்தை உருவாக்கியது. 1973ஆம் ஆண்டின் வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம், உச்சவரம்புக்கு மேற்பட்ட வீடுகளை அரசுடைமையாக்கி, வாடகைக் குடியிருப்பாளர்கள் பலர் உரிமையாளராவதற்கு வழிசெய்தது. ஆனால் அதனால் புதிய வீடுகளுக்கான நிதி பெருகவில்லை. 1979இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. ரணசிங்க பிரேமதாச அவர்களின் முன்னெடுப்பில் ஆரம்பிக்கப்பட்ட ஒரு இலட்சம் வீட்டுத் திட்டத்தில் வீடுகளைக் கட்டுவதில் அரசு நேரடியாக ஈடுபட்டது. செலவு தாங்க முடியாததாகவே, 1984இல் ஆரம்பமான பத்து இலட்சம் வீட்டுத் திட்டத்தில், மக்கள் தாமே வீடு கட்டுவதற்குச் சிறு கடன் வழங்கும் முறை பின்பற்றப்பட்டது. 1987ஆம் ஆண்டை வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனப்படுத்தியதும் இலங்கையின் பிரேரணையினாலேயே ஆகும். எனினும் கடன் அறவீடு தளர்ந்தமையால், திரும்பி வந்து மற்றொருவருக்கு உதவ வேண்டிய பணம் திரும்பி வரவில்லை.

அடுத்து வந்தது காணியை நிதியாக்கும் முறை. குடிசைகள் இருந்த காணியை விடுவித்து, குடியிருந்தோரைத் தொடர்மாடிகளில் குடியேற்றி, விடுவிக்கப்பட்ட காணியை வர்த்தகத் தேவைகளுக்கு வழங்குவதன் மூலம் செலவை ஈடுசெய்வதே அதன் அடிப்படையாகும். 2001இல் பொரளையில் 671 வீடுகளுடன் திறக்கப்பட்ட சஹஸ்புர இதன் முதற்படியாகும். 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டதன் பின்னர் இம்முறை வேகமாக விரிவுபடுத்தப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவில் வீடுகள் இடிக்கப்பட்டமை இன்றும் மறக்கப்படவில்லை. தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் பல, ஏறத்தாழ 10 இலட்சம் ரூபாவை 20 அல்லது 30 ஆண்டுகளில் மாதத் தவணையாகச் செலுத்த நேர்ந்தது. இருந்த வீட்டையும் காணியையும் கையளித்தவர்கள் மீண்டும் பணமும் செலுத்துவது எவ்வகையில் நியாயம் என்ற கேள்விக்கு உரிய பதில் கிடைக்கவில்லை. நாட்கூலியை நம்பி வாழும் ஒருவருக்கு, வேலையில்லாத நாளிலும் தவணை நிற்பதில்லை.

2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி கொழும்பு நகரப் புத்துயிர்ப்புத் திட்டத்துக்கு 20 கோடி அமெரிக்க டொலர் கடனை அங்கீகரித்தது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் மீள்கொடுப்பனவை இடைநிறுத்தியபோது, வெளிநாட்டுக் கடனில் தங்கியிருக்கும் வீடமைப்பு எத்துணை ஆபத்தானது என்பது புலனாகியது. காணி விலையை நம்பிய முறையும் சந்தை சரியும்போது சரிந்துவிடும் தன்மையுடையதே.

சிங்கப்பூரின் அனுபவம் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. 1960இல் அமைக்கப்பட்ட அதன் வீடமைப்புச் சபை, குறைந்த விலைக்கு வீடு விற்பதால் ஏற்படும் பற்றாக்குறையை அரசாங்கம் ஆண்டுதோறும் மானியமாக ஈடுசெய்து வருகின்றது. ஊழியர் சேமநிதியிலிருந்து வீட்டுக்குப் பணம் செலுத்த 1968இலிருந்து வழி செய்யப்பட்டது. மானியம் எவ்வளவு, மக்களின் பங்கு எவ்வளவு என்பது அங்கு ஒளிவுமறைவற்றது. நம் நாட்டில் காணி விற்பனை, கடன், தவணை, வாடகை என்பன ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், யார் எவ்வளவு சுமக்கின்றார் என்பது மக்களுக்குத் தெரிவதில்லை.

ஆகவே, அதிகாரிகளின் கவனத்துக்குச் சில விடயங்களை முன்வைக்க விரும்புகின்றோம். விடுவிக்கப்படும் காணியிலிருந்து பெறப்படும் வருமானம் திறைசேரியின் பொது வருமானத்தில் கரைந்துவிடாது, ஏழைகளின் வீட்டுக்கென்றே சட்டப்படி ஒதுக்கப்பட்டு, அதன் கணக்கு ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். வீட்டை இழப்பவரின் முன்னைய உடைமையின் பெறுமதி, அவர் செலுத்த வேண்டிய தொகையிலிருந்து கழிக்கப்பட வேண்டும். வாடகை நிறுத்தப்படும் தொடர்மாடிகளில் மின்தூக்கி, நீர்ப்பம்பி, கூரை ஆகியவற்றின் பெரிய திருத்தங்களுக்கு அரசு பங்களிக்கும் பராமரிப்பு நிதியம் அவசியமாகும். இல்லையேல் உறுதிப்பத்திரத்துடன் பழுதான கட்டடமும் மக்கள் தலையில் சுமத்தப்படும். 2005ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் இஸ்லாமிய நிதிமுறைக்கு இடமளித்துள்ளதால், வட்டியைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்களுக்கு அரச வீடமைப்புக் கடனிலும் அவ்வழி திறக்கப்படலாம். ஒப்பந்தமும் உறுதிப்பத்திரமும் தமிழிலும் வழங்கப்படுவது சலுகையன்று. அரசியலமைப்பின்படியான மொழி உரிமையாகும்.

இத்தொடர்மாடிகளில் வாழும் எமது வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். செலுத்திய ஒவ்வொரு தவணைக்குமான பற்றுச்சீட்டையும், முன்னைய வீட்டுக்கான ஆவணங்களையும் பத்திரப்படுத்துங்கள். விதிகள் மீண்டும் மாறும்போது, உங்கள் பங்களிப்பை நிரூபிக்கும் சாட்சி அவையேயாகும். நகரத்தைத் தோளில் சுமப்பவர்கள், அந்நகரத்திலேயே வாழ்வதற்கான செலவை யார் ஏற்பது என்பதை அரசு தெளிவாகக் கூறும் காலம் வந்துவிட்டது.