பாம்புக்கடிச் சிகிச்சை ஒப்பீட்டு ஆய்வுகள் (இலங்கை)

பாம்பு தீண்டியவருக்கு ஏற்றப்படும் விஷமுறிவு மருந்தையும் அதனோடு தரப்படும் துணை மருந்துகளையும், நோயாளரை எழுமாற்றாக, அதாவது குலுக்கல் முறையில், குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்ட சிகிச்சைப் பரிசோதனைகள் இவை. 2012–13 இல் நாடு முழுவதும் மாதிரிக் குடும்பங்களிடம் நடத்தப்பட்ட கணக்கெடுப்பு, ஓராண்டில் 80,000க்கு மேற்பட்ட கடிகளும் 400க்கு மேற்பட்ட மரணங்களும் நிகழ்வதாக மதிப்பிட்டது. பாதிப்பு உலர் வலயத்திலேயே கூடுதல் என்பதால், நுரைச்சோலை, கல்பிட்டிப் பக்கத்து மணற்பாங்கான மரக்கறித் தோட்டங்களில் உழைப்போருக்கும் இது அயலான விடயமன்று.

விஷகடி வைத்தியர்களின் நீண்ட மரபு இத்தகைய ஒப்பீட்டுக்கு உட்பட்டதாகப் பதிவுகள் அரிது. குதிரையின் உடலில் சிறுகச் சிறுக விஷத்தைச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுக்கும் விஷமுறிவு மருந்து 1890களில் ஐரோப்பாவில் தோன்றியது. இலங்கையில் வழங்கப்பட்டு வந்தது பெரும்பாலும் இந்தியத் தயாரிப்பாகும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் அது பொதுவானது.

உயிர்காக்கும் இம்மருந்தே ஒவ்வாமையையும் தூண்டிவிடுவதுதான் இலங்கை ஆய்வுகளின் மையச் சிக்கல். தோலில் அரிப்பும் தடிப்பும், வாந்தி, குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி என்பன மருந்து ஏறத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே தோன்றக்கூடும். இதைத் தடுக்க அட்ரினலின் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு, இரத்தம் உறையாத நிலையிலுள்ள நோயாளருக்கு அது மூளையில் இரத்தக்கசிவை உண்டாக்கிவிடுமோ என்ற அச்சம் குறுக்கே நின்றது. பிரேமவர்தன குழுவினர் 105 நோயாளரிடம் நடத்தி 1999 இல் வெளியிட்ட ஆய்வில், விஷமுறிவுக்குச் சற்று முன் தோலுக்கடியில் 0.25 மில்லிலீற்றர் அட்ரினலின் பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்கும், போலி மருந்து பெற்றவர்களில் 43 சதவீதத்தினருக்கும் ஒவ்வாமை ஏற்பட்டது. அதே ஆண்டு வெளியான, பிரேசிலில் நடத்தப்பட்ட ஆய்வில் புரோமெதசின் என்ற ஒவ்வாமை மருந்து பயன் தரவில்லை. 2004 இல் கவரம்மான குழுவினர் 52 நோயாளரிடம் கண்ட முடிவில், ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற மருந்து மட்டும் பெற்றோர் போலி மருந்து பெற்றோரைவிடச் சிறிதும் மேம்படவில்லை. அதனோடு குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் சேர்த்துப் பெற்றோரிடம் ஒவ்வாமை ஓரளவு குறைந்தது.

சிறிய ஆய்வுகளின் இந்த இழுபறியைத் தீர்க்க முனைந்தது அசித்த டி சில்வா குழுவினரின் 2011 ஆம் ஆண்டு வெளியீடு. 2005 முதல் 2008 வரை சேர்க்கப்பட்ட 1,007 நோயாளர், அட்ரினலின், ஹைட்ரோகோர்ட்டிசோன், புரோமெதசின் ஆகிய மூன்றையும் தனித்தும் கூட்டியும் சோதிக்கும் வகையில் எட்டுக் குழுக்களாக அமைக்கப்பட்டனர். எட்டாவது குழுவுக்குப் போலி மருந்து மாத்திரமே. மூன்று கேள்விகளுக்கு ஒரே பரிசோதனையில் விடை தேடிய இந்த அமைப்பின் சிக்கனம் குறிப்பிடத்தக்கது. நோயாளரில் நான்கில் மூன்று பங்கினருக்கு ஒவ்வாமை ஏற்பட்டது. கடுமையான ஒவ்வாமையை அட்ரினலின் முதல் மணித்தியாலத்தில் 43 சதவீதமும், 48 மணித்தியாலம் வரையில் 38 சதவீதமும் குறைத்தது. மற்ற இரண்டும் பயனளிக்கவில்லை. அதுமட்டுமன்றி, பல வைத்தியசாலைகளில் வழமையாகப் போடப்பட்டு வந்த ஹைட்ரோகோர்ட்டிசோன், அட்ரினலினோடு சேர்ந்தபோது அதன் பயனையே இல்லாமற் செய்தது.

இந்திய விஷத்தைக் கொண்டு செய்த மருந்து இலங்கைப் பாம்புகளின் விஷத்தை எவ்வளவு முறிக்கும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கண்ணாடி விரியனின் இலங்கை விஷத்துக்கெனத் தனியே தயாரிக்கப்பட்ட, செம்மறியாட்டிலிருந்து பெற்ற மருந்து ஒன்று 2001 இல் வெளியான ஆய்வில் பழைய மருந்தோடு ஒப்பிடப்பட்டது. சிங்களத்தில் குணகடுவா எனப்படும் சிறு விரியனின் கடிக்கு இந்திய மருந்தில் தீர்வில்லை. மேற்கண்ட ஒவ்வாமைத் தடுப்பு ஆய்வுகளின் கவனம் மருந்தேற்றத்தை ஒட்டிய நேரத்திலேயே நிலைகொண்டது. கடிவாயில் எஞ்சும் தழும்பு, மாதக்கணக்கில் நீடிக்கும் வலி, விறைத்துப்போன விரல் ஆகியவை அவற்றின் அளவுகோல்களாகவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2017 இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. வரெஸ்பிளடிப் என்ற வாய்வழி மருந்து பின்னர் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் சோதிக்கப்பட்டு, முதன்மை இலக்கை எட்டவில்லை. கடிபட்ட சில மணித்தியாலங்களுக்குள் அதைப் பெற்றோரிடம் மட்டும் சில நல்ல அறிகுறிகள் காணப்பட்டதாகக் கூறப்படுகிறது.