'காதலிக்க நேரமில்லை' தொடங்கும் விதம்



காதல் நகைச்சுவைப் படமென்றால் ஆரம்பத்தில் இருவரும் சண்டை போட வேண்டும். 1934-இல் வந்த 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' படத்தில் பஸ் சீட்டுக்காகச் சண்டை. 1964-இல் ஸ்ரீதர் அந்தச் சண்டையை ரவிச்சந்திரன், ராஜஸ்ரீக்கு ஒதுக்கினார். முத்துராமனும் காஞ்சனாவும் எடுத்த எடுப்பிலேயே காதலர்கள், மெரினாவில் பாட்டு. காதல் எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பாலையா சம்மதிப்பாரா, அதுதான் கதை.

செங்கோட்டைக் கொட்டகையில் எங்கள் அப்பா அந்தப் பாட்டிலேயே எழுந்து எங்களை வெளியே கூட்டி வந்துவிட்டார். அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை நான் வேலைக்குப் போன பிறகே பார்த்தேன். (வயிறு வலிக்கச் சிரித்தேன்.) அக்கா இன்றுவரை முழுப்படம் பார்க்கவில்லை. டிவியில் போட்டால், "அந்தப் பாட்டு மட்டும் போதும்டே" என்று எழுந்து போய்விடுவாள்.