விழித்திரையும் குங்குமப்பூவும்: இப்னு ஸீனா தந்த அளவுகோல்

கண்ணின் உட்சுவரில் ஒளியை ஏற்கும் மெல்லிய படலத்தை நாம் விழித்திரை என்கிறோம். ஐரோப்பியர் அதனை ‘ரெட்டினா’ என்பர். அச்சொல் அரபு மொழியின் வழியே சென்றது என்பதைப் பலர் அறியார். கிரேக்க மருத்துவர்கள் அப்படலத்தை வலைக்கு ஒப்பிட்டனர். நஸ்தூரியக் கிறிஸ்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு கி.பி. 873) பக்தாதில் கண்ணைப் பற்றிப் பத்து ஆய்வுரைகள் வரைந்தார். அரபு மருத்துவர்கள் அப்படலத்தை ‘ஷபகிய்யா’ என வழங்கினர். ‘ஷபகா’ என்றால் வலை. 12ஆம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் கிரிமோனா ஜெரார்டு என்பார் இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ நூலை லத்தீனில் பெயர்த்தபோது, வலை எனப் பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து ‘ரெட்டினா’ பிறந்தது.

இவ்வரலாறு நமக்குப் பெருமையளிக்கிறது. ஆனால் பெருமை, சில வேளை நம் கண்ணை மறைத்துவிடுகிறது. நீரிழிவால் விழித்திரைக்கு நேரும் கேட்டுக்கு முன்னோர் நூல்களிலேயே மருந்து இருப்பதாக இன்று பலர் பேசுகின்றனர். அந்நூல்கள் உண்மையில் கூறுவதென்ன?

இப்னு ஸீனா (கி.பி. 980–1037) ‘தியாபீதுஸ்’ எனும் நோயைச் சிறுநீரக நோய்களுள் ஒன்றாகவே விவரிக்கிறார். குடித்த நீர் சிறிது நேரத்தில் குடித்தவாறே வெளியேறும் இந்நோய்க்கு ‘தூலாப்’, அதாவது நீர் இறைக்கும் சக்கரம், என்ற அரபுப் பெயரையும் தருகிறார். கண் நோய்களை அவர் வேறோர் இடத்தில் பேசுகிறார். பக்தாதின் கண் மருத்துவர் அலீ இப்னு ஈஸா அல்கஹ்ஹால், கி.பி. 11ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ நூலின் மூன்றாம் பகுதியைப் புலனுக்குத் தெரியாத உட்கண் நோய்களுக்கே ஒதுக்கினார். புலனுக்குத் தெரியாதவை என அவர் வகுத்ததே அக்காலத்தின் எல்லையை நமக்குக் காட்டுகிறது. உயிருள்ள மனிதரின் விழித்திரையைக் காணும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல்தான் அமைத்தார். நான்காண்டுகளுக்குப் பின், நீரிழிவு நோயாளியின் விழித்திரையில் கண்ட மாற்றங்களை எடுவார்ட் யேகர் விவரித்தார்.

இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. அவை கசிகின்றன, சில அடைபடுகின்றன. பிராணவாயு குன்றிய திரையில் வலுவற்ற புதுக்குழாய்கள் முளைத்து, உடைந்து, குருதியைச் சிந்துகின்றன. தொடக்கத்தில் நோயாளிக்கு வலியோ மங்கலோ தெரிவதில்லை. அதுவே இந்நோயின் வஞ்சகம்.

இனித் தாவரங்களுக்கு வருவோம். குங்குமப்பூ பார்வையைத் தெளிவாக்கும் என ‘அல்கானூன்’ கூறுகிறது. அப்பூவின் நிறத்திற்குக் காரணமான குரோசின், மஞ்சளிலுள்ள குர்குமின் போன்ற பொருட்களை இக்கால ஆய்வாளர்கள் நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் சோதித்து, விழித்திரைச் சேதம் குறைவதைக் கண்டுள்ளனர். இச்செய்தி வந்த உடனே, ‘நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்ற முழக்கம் எழுகிறது.

முன்னோர் வேறொன்றும் சொன்னார்கள். ‘அல்கானூன்’ நூலின் இரண்டாம் பாகத்தில் மருந்தைச் சோதிக்க இப்னு ஸீனா ஏழு நிபந்தனைகள் விதிக்கிறார். அவற்றுள் ஒன்று, மருந்தின் பயன் எப்போதுமோ பெரும்பான்மையாகவோ காணப்பட வேண்டும் என்பது. தற்செயலாக ஒருமுறை நிகழ்ந்தது சான்றாகாது. ஏழாவது நிபந்தனை, சோதனை மனித உடலில் நடைபெற வேண்டும் என்பது. சிங்கத்திலோ குதிரையிலோ கண்ட விளைவு மனிதரிடத்தும் அவ்வாறே அமையும் எனக் கொள்ளலாகாது என அவர் எச்சரிக்கிறார். எலிக்கும் அது பொருந்துமன்றோ!

இவ்வளவுகோலை நெருங்கும் ஆய்வொன்று 2018இல் ஈரானிலிருந்து வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை போதிய பயன் தராத, நீரிழிவால் விழித்திரை மையம் பழுதுற்ற 60 நோயாளிகளுக்கு மூன்று மாதங்கள் குரோசின் மாத்திரையோ வெற்று மாத்திரையோ தரப்பட்டது. நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் குரோசின் பெற்றோரின் பார்வையும் விழித்திரை வீக்கமும் ஓரளவு சீரடைந்தன. நம்பிக்கை தரும் தொடக்கம் இது. எனினும் சிறியது, குறுகிய காலத்தது. அளவிடப்பட்ட மாத்திரையின் பயனைப் பாலில் இட்ட குங்குமப்பூவுக்கோ கண்ணில் இடும் சுர்மாவுக்கோ ஏற்றிச் சொல்ல இயலாது.

நமக்குப் பாடம் கற்பித்த பெரியவர் ஒருவரை நாம் நினைத்துக்கொள்கிறோம். கண் பரிசோதனைக்கு அழைத்தபோதெல்லாம், தம்மிடமுள்ள மூலிகைப் பொடியே போதுமென்றார். இறுதியாண்டுகளில் கிதாபுகளைப் பிறர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்து அவருக்குத் தெரியவில்லை.

எந்நோய்க்கும் இறைவன் மருந்தை அருளியிருக்கிறான் என்பது நபிமொழி நமக்கு ஊட்டும் நம்பிக்கை. அது தேடலுக்கான அழைப்பு; தேடாமல் இருப்பதற்கான சலுகையன்று. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்து, ஆண்டுதோறும் விழித்திரையைச் சோதித்து, மருத்துவர் கூறின் லேசர் சிகிச்சையோ ஊசியோ ஏற்பதே இன்று பார்வையைக் காக்கும் வழி. குரோசின் ஒருநாள் இவ்வரிசையில் சேரலாம். சேருமாயின், ஏழு நிபந்தனைகளையும் கடந்தே சேரட்டும். இப்னு ஸீனாவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுவே.