சந்திரகிரிக் கோட்டை

ஆந்திரப் பிரதேசத்தில் திருப்பதிக்குத் தென்மேற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள இடைக்காலக் கோட்டை நகரத்தின் எச்சம். தனிப்பாறைக் குன்று ஒன்றின் அடியில், மதிலும் அகழியும் சூழ அமைந்தது. 1565இல் தலைக்கோட்டைப் போரில் தோற்ற விஜயநகர அரசு முதலில் பெனுகொண்டாவிலும், பின்னர் இங்கும் தலைநகரை வைத்தது. கோல்கொண்டாப் படை 1646இல் கோட்டையைப் பிடித்தது. 1782இல் அது ஐதர் அலி வசமானது.

மூன்று அடுக்கு ராஜ மகாலே முதன்மைக் கட்டடம். கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து மட்டுமே. தளம் தாங்க மர உத்திரம் ஒன்றுகூட இல்லை. இன்றும் உறுதியாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். அதில் இப்போது தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது. அருகிலுள்ள சிறிய மாளிகைக்கு ராணி மகால் என்று பெயர். பெயரை அப்படியே நம்பி அந்தப்புரம் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. சிதைந்த கோயில்களும் குளமும் மதிலுக்குள் சிதறிக் கிடக்கின்றன. மாளிகைகள் கல்லில் நின்றன. சாதாரணக் குடிமக்களின் வீடுகளோ கண்ணுக்குத் தெரியும்படி எஞ்சவில்லை. இன்றைய சந்திரகிரி ஊர் கோட்டைக்கு வெளியே இருக்கிறது.

சென்னைக்கும் இதற்கும் பழைய உறவு உண்டு: 1639இல் ஆங்கிலேயருக்கு மதராசில் கோட்டை கட்ட நிலம் கிடைத்தபோது, அப்பகுதி சந்திரகிரி அரசரின் மேலாட்சியில் இருந்தது.