ரியல் எஸ்டேட்டில் 'ரியல்' எங்கிருந்து வந்தது?

ஒரகடத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் கண்ணில் படும் ஆங்கிலச் சொல் 'ரியல்'. எல்லாம் மனைப் பலகைகள்தான். வடக்குப்பட்டு போகும் வழியிலும் இதே கதை. ரியல் என்றால் உண்மை, எஸ்டேட் என்றால் சொத்து. அப்படியானால் மற்ற சொத்தெல்லாம் பொய்யா?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் சுற்றும் பதில் ஒன்று உண்டு. நிலமெல்லாம் ராஜாவுக்குச் சொந்தம், அதனால் 'ராயல்' என்பதுதான் 'ரியல்' ஆனது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. ஸ்பானியர்களின் பழைய நாணயமான ரியாலுக்கு அந்த விளக்கம் பொருந்தும், நிலத்துக்குப் பொருந்தாது. நம் ரியலின் தாய், 'ரெஸ்' என்ற லத்தீன் சொல். ரெஸ் என்றால் பொருள். தமிழில் 'பொருள்' எப்படிக் கையில் பிடிக்கும் பொருளையும் சொத்தையும் ஒருசேரக் குறிக்கிறதோ, ஏறக்குறைய அப்படியே ரெஸ்ஸும் குறித்தது.

இடைக்கால இங்கிலாந்தின் வழக்கறிஞர்கள் வழக்குகளை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். நிலத்தைப் பறிகொடுத்தவன் அந்த நிலத்தையே திருப்பிக் கேட்கலாம். அது 'ரியல்' வழக்கு, அதாவது பொருளின் மீதான வழக்கு. மாடோ பாத்திரமோ போனால் பெரும்பாலும் ஈட்டுத்தொகைதான் கிடைக்கும். அது ஆளின் மீதான வழக்கு. இந்தப் பிரிவிலிருந்துதான் நிலம் 'ரியல்' சொத்து ஆனது. ஆக, மனைப் பலகையில் இருப்பது அந்தப் பழைய கோர்ட் வாசனை. "எங்கள் பிளாட் உண்மையானது" என்ற உத்தரவாதம் அதில் துளியும் கிடையாது!

அடுத்தது 'ஃபேக்ட்'. லத்தீனில் இதன் மூலத்துக்கு 'செய்யப்பட்டது' என்று அர்த்தம். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது 'செயல்' என்றுதான் இருந்தது, அதிலும் கெட்ட செயல், குற்றம். குற்றம் நடந்த பிறகு துணைபோனவரைக் குறிக்கும் ஆங்கிலச் சட்டத் தொடரில் இன்றும் அந்தப் பழைய ஃபேக்ட் உட்கார்ந்திருக்கிறது. 'நடந்த உண்மை' என்ற அர்த்தம் அதற்கு அடுத்த நூற்றாண்டில்தான் வந்தது. இதே வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல் 'ஃபேக்டரி'. முதலில் அது வணிக முகவர்கள் தங்கிச் சரக்கு வாங்கும் இடம். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் வாங்கியது அப்படி ஒரு ஃபேக்டரிக்காகத்தான். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் திறந்து 2014இல் மூடியது வேறு வகை ஃபேக்டரி. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிஸ்ஸான் திறந்ததும் அந்த வகைதான். எல்லாமே சொல்லளவில் ஃபேக்டுக்குச் சொந்தக்காரர்கள்.

இந்தச் சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாவது ஒரு செயல்: இன்னார் இன்னாருக்கு எழுதிக் கொடுத்தார், கையெழுத்துப் போட்டார். அதாவது பழைய அர்த்தத்தில் ஒரு ஃபேக்ட். விற்றவருக்கு அந்த நிலம் சொந்தம்தானா என்பதற்கு அது அரசு தரும் உத்தரவாதம் அல்ல. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது: 1908 சட்டத்தின் கீழ், விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல. 1858லேயே தெற்கு ஆஸ்திரேலியாவில் டோரன்ஸ் என்பவர் உரிமைக்கே அரசு பொறுப்பேற்கும் முறையைக் கொண்டுவந்துவிட்டார். நமக்கோ தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என்று தேடி அலைவதுதான் வழி. "ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, இனி பயமில்லை" என்று மொத்தச் சேமிப்பையும் போட்டு மனை வாங்குகிறவர்கள் ஃபேக்டையும் ட்ரூத்தையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். வித்தியாசம் தெரியவரும்போது கையில் சம்மன் இருக்கும்.

சரி, 'ட்ரூ' என்றால்? பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'விசுவாசமான' என்றுதான் அர்த்தம். உண்மை என்பது அங்கே ஆளின் குணம். பேச்சுக்கும் செய்திக்கும் அது பிறகுதான் பரவியது. 'ட்ரூத்'தின் கூடப்பிறந்த 'ட்ராத்' என்றால் கொடுத்த வாக்கு. அதிலிருந்து வந்த 'பிட்ராத்' என்றால் பெண் நிச்சயம் செய்வது. நாமும் அதை நிச்சயதார்த்தம் என்றுதானே சொல்கிறோம்!

இவை எல்லாவற்றையும்விடப் பழையது 'சூத்'. ஆங்கிலத்தில் இன்று கிட்டத்தட்டச் செத்துவிட்டது, குறி சொல்பவரைக் குறிக்கும் 'சூத்சேயர்' என்ற சொல்லில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'இருத்தல்' என்ற வேரிலிருந்து வந்த இது, சமஸ்கிருத 'சத்ய'வுக்கு உறவு. தமிழ் அந்தக் குடும்பமே இல்லை. ஆனாலும் 'உள்' என்ற வேரிலிருந்து 'உள்ளது' என்னும் பொருளில் 'உண்மை'யை அமைத்துக்கொண்டது. ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு மொழிக் குடும்பங்களுக்கு ஒரே யோசனை தோன்றியிருக்கிறது. தமிழ் அதோடு நிற்கவில்லை. வாயிலிருந்து வாய்மை, உடம்புக்கும் உண்மைக்கும் சேர்த்து ஒரே சொல்லாக 'மெய்'. குறளில் வாய்மைக்கு ஒரு அதிகாரம் (30), மெய்யுணர்தலுக்குத் தனியாக இன்னொன்று (36). பேசும் உண்மை வேறு, உணரும் உண்மை வேறு என்று வள்ளுவர் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்.

வடக்குப்பட்டுக்கு வருகிறேன். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை இங்கே குழி போட்டுத் தோண்டியது. கற்கருவிகள் கிடைத்தன, ரோமானிய ஆம்போரா ஜாடியின் துண்டுகள் கிடைத்தன, பல்லவர் காலச் சிற்பங்களும் கிடைத்தன. அந்த ஜாடியை யார் யாருக்கு விற்றார், என்ன விலை, சாட்சிக் கையெழுத்து யாருடையது... எதற்கும் பத்திரம் இல்லை. ஆனால் ஜாடி இருக்கிறது. லத்தீன் பேசிய ரோமானியனிடம் அந்த ஓட்டைக் காட்டினால் 'ரெஸ்' என்றுதான் சொல்லியிருப்பான்.